நானோ மருந்தும் சிறுநீரகமும்: உள்ளே போகும் துகள் எங்கே போகிறது?

வைகைக்கரை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. என் மாமாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ் நடக்கிறது. ஹீமோகுளோபின் ஏறவே மாட்டேன் என்கிறது. டயாலிசிஸ் ஓடும்போதே இரும்பு ஊசி போட்டுவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதற்குள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஆடியோ சுற்ற ஆரம்பித்துவிட்டது. "இந்த ஊசியில் இருப்பது நானோ துகள், சிறுநீரகத்தில் போய் அடைத்துக்கொள்ளும், மிச்சம் இருப்பதும் போய்விடும்" என்கிறது அது. அத்தை பயந்துபோய் ஊசியே வேண்டாம் என்கிறார்.

இது உண்மையா? பொதுவாகவே நானோ மருந்து என்று சொல்லப்படுபவை சிறுநீரகத்துக்குள் போனால் என்ன ஆகும்? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுங்கள், அத்தைக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

நெஃப்ரான் எழுதியது:

வைகைக்கரை, நான் சிறுநீரகப் பிரிவில் மேற்படிப்பு படிக்கிறேன். முதலில் மாமாவின் ஊசி. பெரும்பாலும் அயர்ன் சுக்ரோஸாக இருக்கும். அது நானோ துகள்தான், அந்த ஒரு விஷயம் சரி. நடுவில் சில நானோமீட்டர் அளவில் இரும்பு ஹைட்ராக்சைடு கரு, அதைச் சுற்றிச் சர்க்கரை உறை. ஆனால் இது நேற்று வந்த மருந்து இல்லை. நானோ என்ற பெயர் பிரபலமாவதற்கு முன்பிருந்தே டயாலிசிஸ் நோயாளிகளுக்குப் போட்டுவருகிறார்கள்.

இரும்பை ஏன் துகளாகச் செய்கிறார்கள் என்றால், வெறும் இரும்பு உப்பை ரத்தத்தில் நேரடியாக ஏற்றினால் அது செல்களைச் சேதப்படுத்தும். உறைக்குள் இருந்தால் மெதுவாக வெளியே வரும். கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றில் இருக்கும் விழுங்கு செல்கள் இந்தத் துகளைப் பிடித்து, உடைத்து, இரும்பை எடுத்துச் சேமிக்கின்றன. சிறுநீரில் போவது மிகச் சிறு பங்குதான். ஆகவே சிறுநீரகத்தில் அடைத்துக்கொள்ளும் என்பது தவறு.

மாத்திரையே கொடுக்கலாமே என்று அத்தை கேட்கலாம். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் கூடிவிடும். அது குடல் இரும்பை உறிஞ்சுவதைத் தடுத்துவிடும். அதனால்தான் ஊசி. இதில் கவனிக்க வேண்டிய ஆபத்துகள் வேறு: ஒவ்வாமை, இரும்பு தேவைக்கு மேல் சேர்ந்துபோவது, காய்ச்சலோ தொற்றோ இருக்கும்போது போடுவது. உடலில் இரும்பு எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனைகளான ஃபெரிட்டின், டிரான்ஸ்ஃபெரின் செறிவு இரண்டையும் பார்த்துத்தான் டோஸ் முடிவு செய்வார்கள்.

இனி பொதுக் கேள்வி. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள், அதாவது ரத்தத்தை வடிகட்டும் நுண் அலகுகள். இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்கு வருகிறது. ஒரு நாளைக்கு ஏறத்தாழ 180 லிட்டர் திரவம் வடிகட்டப்பட்டு, அதில் ஒன்றரை லிட்டர் மாதிரிதான் சிறுநீராகிறது. ரத்தத்தில் சுற்றும் எந்தத் துகளும் கொஞ்ச நேரத்திலேயே இந்த வடிகட்டியின் வாசலுக்கு வந்தே தீரும். உள்ளே போகிறதா, திரும்பிவிடுகிறதா என்பதுதான் விஷயம்.

வடிகட்டி மூன்று அடுக்கு. முதலில் ரத்த நுண்குழாயின் சுவர். அதில் 70 முதல் 100 நானோமீட்டர் அகலத்தில் துளைகள், அவற்றின் மேல் சர்க்கரைச் சங்கிலிகளாலான ஒரு மெல்லிய படலம். அடுத்து அடித்தளச் சவ்வு, சுமார் 300 நானோமீட்டர் தடிமன், அதில் எதிர்மின்னூட்டம் கொண்ட ஹெப்பாரன் சல்ஃபேட். கடைசியில் போடோசைட் செல்கள் கால் விரல்களைப் பின்னிக்கொண்டு விடும் இடுக்குகள். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், 6 நானோமீட்டருக்குக் கீழே உள்ளது எளிதில் கடக்கும், 8-ஐத் தாண்டியது பெரும்பாலும் கடக்காது. நம் ரத்தத்தின் அல்புமின் சுமார் 7 நானோமீட்டர், எதிர்மின்னூட்டம் வேறு. அதனால்தான் ஆரோக்கியமானவரின் சிறுநீரில் அது வருவதில்லை.

கயல்விழி டீச்சர் எழுதியது:

நல்ல விளக்கம் தம்பி. நான் பன்னிரண்டாம் வகுப்புக்கு உயிரியல் எடுக்கிறேன். இந்த வடிகட்டியை, அதாவது கிளாமருலஸை, ஒரு சல்லடையாகத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். அப்படியானால் கணக்கு சுலபம்தானே? மருந்துத் துகளை 6 நானோமீட்டருக்குக் கீழே செய்தால் சிறுநீரில் வெளியே வந்துவிடும், பெரிதாகச் செய்தால் கல்லீரலுக்குப் போய்விடும். வேறென்ன பார்க்க வேண்டும்?

பொன்துகள் எழுதியது:

டீச்சர், நான் தங்க நானோ துகள்களில் பிஎச்.டி. செய்கிறேன். இந்தத் துறைக்கு வந்தபோது எல்லோரும் முதலில் படிப்பது நீங்கள் சொன்ன அதே கணக்கைத்தான். அதைப் பிரபலமாக்கியது 2007-ல் நேச்சர் பயோடெக்னாலஜி இதழில் வந்த ஆய்வு. பாஸ்டனில் ஜான் ஃப்ராஞ்சியோனியின் குழுவும் எம்.ஐ.டி.யின் மௌங்கி பவெண்டியும் சேர்ந்து குவாண்டம் புள்ளிகள் என்ற ஒளிரும் நானோ படிகங்களை வெவ்வேறு அளவில் செய்து எலிகளுக்குச் செலுத்தினார்கள். 5.5 நானோமீட்டருக்குக் கீழே இருந்தவை விரைவாகச் சிறுநீரில் வந்துவிட்டன, பெரியவை உடலிலேயே தங்கின. (இந்தப் பவெண்டிதான் 2023-ல் குவாண்டம் புள்ளிகளுக்காக வேதியியல் நோபல் பெற்ற மூவரில் ஒருவர்.) குவாண்டம் புள்ளிக்குள் காட்மியம் இருக்கும். வெளியே வராவிட்டால் அதை மனிதருக்குக் கொடுக்க யோசிக்கவே முடியாது. அதனால்தான் அந்த ஆய்வுக்கு அவ்வளவு மதிப்பு.

ஆனால் அதே ஆய்வில் பலர் கவனிக்காமல் விடும் பகுதி மேற்பூச்சு. துகள் ரத்தத்தில் இறங்கியதும் புரதங்கள் அதன் மேல் ஒட்டிக்கொள்ளும். 5 நானோமீட்டரில் செய்து அனுப்பியது ரத்தத்துக்குள் 15 நானோமீட்டரைத் தாண்டிவிடலாம். சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தைப் பூசியபோதுதான் புரதம் ஒட்டாமல் அளவு அப்படியே நின்றது. சிஸ்டீனில் நேர்மின்னூட்டமும் எதிர்மின்னூட்டமும் சரிசமமாக இருப்பதுதான் காரணம். ஆய்வகக் குடுவையில் அளந்த அளவை நம்பி முடிவெடுக்கக் கூடாது, ரத்தச் சீரத்தில் கலந்து அளக்க வேண்டும். எங்கள் ஆய்வகத்தில் புதிதாக வருபவர்களுக்கு முதலில் சொல்லித் தருவது இதைத்தான்.

மின்னூட்டமும் முக்கியம். 6 முதல் 8 நானோமீட்டர் வரையிலான இடைப்பட்ட அளவில், நேர்மின்னூட்டம் கொண்ட துகள் எதிர்மின்னூட்டத் துகளைவிட எளிதாகக் கடக்கும், ஏனென்றால் வடிகட்டியே எதிர்மின்னூட்டம் கொண்டது.

இதற்கு மேல்தான் சல்லடைக் கணக்கு உடைகிறது. டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் டாலஸ் வளாகத்தில் ஜியே ஜெங் என்பவரின் குழு, குளூட்டாதயோன் என்ற சிறு மூலக்கூறு பூசிய, சில அணுக்களே கொண்ட தங்கக் கொத்துகளைச் செலுத்திப் பார்த்தது. 25 தங்க அணுக்கள் கொண்ட கொத்து வேகமாகச் சிறுநீரில் வந்தது. 18, 15, 10-11 அணுக்கள் என்று குறைத்தால் இன்னும் வேகமாக வர வேண்டும் அல்லவா? வரவில்லை. ஆரம்பக் கட்டத்தில் வெளியேற்றம் நான்கு முதல் ஒன்பது மடங்கு குறைந்தது. மேலே நெஃப்ரான் சொன்ன அந்தச் சர்க்கரைப் படலம் மிகச் சிறிய கொத்துகளைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. 2017-ல் வந்த முடிவு இது. ஒரு நானோமீட்டருக்குக் கீழே வந்தால் சிறியதுதான் மெதுவாக நகர்கிறது. சில அணுக்கள் வித்தியாசத்தை ஒரு உறுப்பு கண்டுபிடிக்கிறது என்று முதன்முதலில் படித்தபோது எனக்கு அன்று வேறு வேலையே ஓடவில்லை.

கயல்விழி டீச்சர் எழுதியது:

அருமை! இதை வகுப்பில் கண்டிப்பாகச் சொல்வேன். அப்படியானால் பெரிய துகள்? 8-க்கு மேல் போனால் சிறுநீரகத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லையா?

நெஃப்ரான் எழுதியது:

இருக்கிறது டீச்சர், அங்கேதான் என்னைப் போன்றவர்களுக்கு ஆர்வம். கிளாமருலஸின் நடுவில் மெசாஞ்சியம் என்று ஒரு பகுதி உண்டு. ரத்தக் குழாய்க்கும் அதற்கும் நடுவில் அடித்தளச் சவ்வு கிடையாது. குழாய்ச் சுவரின் துளை வழியே நுழைய முடிந்தால் போதும், நேராக அங்கே போய்விடலாம். கால்டெக்கில் மார்க் டேவிஸின் குழு 2011-ல் இதைக் காட்டியது. சுமார் 75 நானோமீட்டர் அளவுள்ள தங்கத் துகள்கள் எலியின் மெசாஞ்சியத்தில் போய்ச் சேர்ந்தன. சர்க்கரை நோயால் வரும் சிறுநீரகப் பாதிப்பிலும் ஐ.ஜி.ஏ. நெஃப்ரோபதி என்ற சிறுநீரக நோயிலும் கோளாறு நடக்கும் இடங்களில் மெசாஞ்சியம் முக்கியமானது. மருந்தை அங்கேயே இறக்க முடிந்தால் எவ்வளவு பேருக்கு உதவும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதே குழுவின் இன்னொரு அனுபவமும் பாடம். நேர்மின்னூட்டப் பாலிமரில் ஆர்.என்.ஏ.வைப் பொதிந்து புற்றுநோய்க்காக ஒரு துகள் செய்தார்கள், மனிதரிடமும் சோதித்தார்கள். துகள் எதிர்பார்த்ததைவிட வேகமாக ரத்தத்திலிருந்து காணாமல் போனது. துகளின் அளவோ வடிகட்டியைக் கடக்க முடியாத அளவு. என்ன நடந்தது என்று எலிகளில் தேடியபோது விடை அடித்தளச் சவ்வில் கிடைத்தது. அங்கிருக்கும் ஹெப்பாரன் சல்ஃபேட் எதிர்மின்னூட்டம் கொண்டதால் நேர்மின்னூட்டப் பாலிமரைத் தன் பக்கம் இழுத்துத் துகளையே பிரித்துப் போட்டுவிட்டது. தனியாக நின்ற ஆர்.என்.ஏ. சிறுநீரில் போய்விட்டது. 2012-ல் இதை வெளியிட்டார்கள்.

நியூயார்க்கில் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் டேனியல் ஹெல்லரின் குழு செய்த துகள் 400 நானோமீட்டர். வடிகட்ட வாய்ப்பே இல்லை. ஆனாலும் எலிகளில் அது மற்ற உறுப்புகளைவிடச் சிறுநீரகத்தின் அண்மை சுருள் நுண்குழல் (வடிகட்டிய திரவம் முதலில் ஓடும் குழல்) செல்களில்தான் அதிகம் சேர்ந்தது. நுண்குழலைச் சுற்றியிருக்கும் ரத்தக் குழாய்கள் வழியாக, பின்பக்கமாக நுழைகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம்.

மருந்தாளுநர் மாரி எழுதியது:

ஆராய்ச்சி நடக்கட்டும், நான் கையால் தொட்ட ஒன்றைச் சொல்கிறேன். 2021 மே மாதம் கருப்புப் பூஞ்சை பரவிய நேரம் நான் ஒரு மருத்துவமனை மருந்தகத்தில் இருந்தேன். தமிழ்நாடு அரசு அதை அறிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது அந்த மாதம்தான். அப்போது எல்லார் வாயிலும் இருந்த பெயர் ஆம்ஃபோடெரிசின்-பி என்ற பூஞ்சைக்கொல்லி மருந்து. அதில் இரண்டு வகை என்பதும், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சிறுநீரகம்தான் என்பதும் வெளியில் பலருக்குத் தெரியாது.

பழைய வகை 1950-களில் கண்டுபிடித்தது. பூஞ்சையின் சவ்வில் உள்ள எர்கோஸ்டெரால் என்ற கொழுப்பைப் பிடித்துத் துளை போடும். சிக்கல் என்னவென்றால், நம் செல்களின் கொலஸ்ட்ராலையும் ஓரளவு பிடிக்கும். சிறுநீரகத்துக்கு ரத்தம் வரும் குழாய் சுருங்கும், நுண்குழல் செல்கள் ஓட்டையாகும், பொட்டாசியமும் மக்னீசியமும் சிறுநீரில் கொட்டும், சிறுநீரகம் பழுதாவதைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தத்தில் ஏறும்.

லிப்போசோமல் வகையில் அதே மருந்துதான், 100 நானோமீட்டருக்குக் கீழான கொழுப்புக் குமிழிக்குள் பதிந்திருக்கும். அமெரிக்காவில் 1997-ல் அனுமதி பெற்றது. குமிழி வடிகட்டியைத் தாண்டாது, நுண்குழல் செல்களிடம் மருந்தைக் கொண்டுபோய்க் கொட்டாது. பூஞ்சையைச் சந்திக்கும் இடத்தில்தான் பெரும்பாலும் மருந்தை விடும். அதனால் அதிக டோஸ் கொடுக்க முடிகிறது. பழையது கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்றால், இது 5 மில்லிகிராம், மூளைக்குப் பரவியிருந்தால் 10 வரைகூட.

60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 5 மில்லிகிராம் என்றால் ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம். ஒரு வயல் 50 மில்லிகிராம்தான். ஆறு வயல், அதுவும் தினமும், வாரக்கணக்கில். மஞ்சள் நிறப் பொடியாக இருக்கும். 12 மில்லி ஊசித் தண்ணீர் விட்டு உடனே அரை நிமிடம் பலமாகக் குலுக்க வேண்டும், இல்லையென்றால் கட்டி தட்டும். அப்புறம் 5 மைக்ரான் ஃபில்டர் வழியாக டெக்ஸ்ட்ரோஸ் பாட்டிலில் விட வேண்டும். சலைன் பக்கமே கொண்டுபோகக் கூடாது, உப்பு பட்டால் திரிந்து போகும். அதே டிரிப் லைனில் முன்னாடி சலைன் ஓடியிருந்தால் டெக்ஸ்ட்ரோஸ் விட்டுக் கழுவிவிட்டுத்தான் இதை ஏற்ற வேண்டும்.

கையிருப்பு தீர்ந்த நாட்களில் பழைய வகையைத்தான் போட வேண்டியிருந்தது. முன்னாடியே சலைன் ஏற்றி, தினமும் பொட்டாசியம் பார்த்து, டாக்டர்களும் நர்சுகளும் பட்ட பாடு கொஞ்சமல்ல. அந்த நோயாளிகளில் மிகப் பலர் சர்க்கரை நோயாளிகள், சிறுநீரகம் ஏற்கெனவே இளைத்தவர்கள். ஒரு பக்கம் கண்ணையும் உயிரையும் காப்பாற்ற வேண்டும், இன்னொரு பக்கம் கிரியேட்டினின் ஏறிக்கொண்டே போகும். நானோ என்றாலே சிறுநீரகத்துக்குக் கெடுதல் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த வார்டுதான் ஞாபகம் வரும். அங்கே நானோ வடிவம் கிடைத்தவர்களுக்குச் சிறுநீரகம் தப்பிக்க வாய்ப்பு அதிகம் இருந்தது. லிப்போசோமலிலும் கிரியேட்டினின் ஏறலாம், கண்காணிப்பு கண்டிப்பாக வேண்டும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

வேம்பு எழுதியது:

எல்லோரும் வெளிநாட்டு மருந்தையே பேசுகிறீர்கள். நம் சித்த மருத்துவப் பற்பமும் செந்தூரமும் நானோதானே? தங்க பஸ்பத்தில் நானோ அளவுத் துகள்கள் இருப்பதாக ஆய்வுக் கட்டுரைகளே வந்திருக்கின்றன. நன்றாகப் புடம் போட்டால் உலோகம் நஞ்சு நீங்கி உடம்போடு சேர்ந்துவிடும் என்று எங்கள் தாத்தா சொல்வார். அப்புறம் ஏன் சிறுநீரக டாக்டர்கள் பஸ்பம் என்றாலே முகம் சுளிக்கிறார்கள்?

நெஃப்ரான் எழுதியது:

வேம்பு, நியாயமான கேள்வி, மரியாதையோடு பதில் சொல்கிறேன். பஸ்பங்களில் நானோ அளவுத் துகள்கள் இருப்பது அளந்து பார்த்த உண்மை. ஆனால் அளவு சிறிதானால் நஞ்சு போய்விடும் என்று ஆகாது. துகள் எதனால் ஆனது என்பதுதான் முதல் கேள்வி. உதாரணமாக, பாதரசம் உள்ளே போனால் அதில் உடல் உறிஞ்சும் பகுதி அதிகம் சேரும் இடங்களில் ஒன்று சிறுநீரகம். அங்குள்ள கந்தகம் கொண்ட புரதங்களோடு இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும்.

வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 2022-ல் கிட்னி இன்டர்நேஷனல் இதழில் எழுதினார்கள். நெல்-1 என்ற புரதம் தொடர்பான மெம்ப்ரனஸ் நெஃப்ரோபதி என்றொரு நோய், சிறுநீரில் புரதம் கொட்டும், கால் வீங்கும். அது வந்தவர்களில் கணிசமானோர் பாதரசம் கலந்த நாட்டு மருந்துகள் எடுத்தவர்கள். மருந்தை நிறுத்தியதும் பெரும்பாலானோருக்கு நோய் தணிந்தது. கேரளத்தில் மலப்புரம் பக்கம் முகம் வெளுக்கும் கிரீம் பூசியவர்களுக்கும் இதே நோய் வந்தது, அந்தக் கிரீம்களிலும் பாதரசம். எங்கள் வெளிநோயாளர் பிரிவில் கால் வீங்கி வரும் இளம் வயதினரிடம் "என்ன கிரீம் பூசுகிறீர்கள், நாட்டு மருந்து ஏதாவது உண்டா" என்று இப்போது வழக்கமாகவே கேட்கிறோம்.

சித்த மருத்துவத்தில் மூலிகை மருந்துகள் நிறைய உண்டு, எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. உலோகம் சேர்ந்ததென்றால் பரிசோதித்த சான்று கேளுங்கள். சிறுநீரகம் பழுதானவர்கள் தொடவே வேண்டாம்.

தணிகை எழுதியது:

நான் மருந்து நிறுவனத்தில் வேலை பார்த்தவன். இந்த நானோ ஆரவாரத்தில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. டொரண்டோவில் வாரன் சான் குழு 2016-ல் பத்தாண்டுக் கட்டுரைகளை அலசி, செலுத்திய துகள்களில் நடு மதிப்பாக 0.7 சதவீதம்தான் புற்றுநோய்க் கட்டிக்குள் போகிறது என்று கணக்குச் சொன்னது. மிச்சம் கல்லீரலிலும் மண்ணீரலிலும்தான். எலியில் அழகாக நடப்பது மனிதரிடம் நடப்பதில்லை. மக்களுக்கு வீண் நம்பிக்கை கொடுக்க வேண்டாமே.

பொன்துகள் எழுதியது:

தணிகை சார், அந்த 0.7 சதவீதம் எங்கள் துறையையே உலுக்கிய எண், மறுக்கவில்லை. ஆனால் அதே எண்தான் சிறுநீரகத்தின் பக்கம் பலரைத் திருப்பியது. கட்டிக்குப் போகாத மிச்சம் கல்லீரலில் மாதக்கணக்கில் கிடப்பதைவிட, சிறுநீரில் வெளியேறிவிட்டால் நல்லதல்லவா?

மனிதரிடமும் நடந்திருக்கிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் உல்ரிக் வீஸ்னர் செய்த சிலிக்கா துகள், சி-டாட் என்பார்கள், 6-7 நானோமீட்டர். மனிதச் சோதனைக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2011-ல் அனுமதித்தது. மெலனோமா என்ற தோல் புற்றுநோய் உள்ள ஐந்து பேருக்குச் செலுத்திய முதல் சோதனை முடிவு 2014-ல் வந்தது, துகள் பெரும்பாலும் சிறுநீரக வழியில்தான் வெளியேறியது. பிரான்சில் உருவான அகுயிக்ஸ் என்ற கடோலினியம் துகள் 5 நானோமீட்டர் அளவு. கதிர்வீச்சுக்கு முன் கொடுத்தால் கட்டியில் கதிரின் தாக்கம் கூடும். கிரெனோபிளில் மூளைக்குப் பரவிய புற்றுநோய் உள்ள 15 பேரிடம் முதலில் சோதித்தார்கள். அதுவும் சிறுநீரில் வெளியேறுவதுதான்.

எனக்குப் பிடித்தது 2019-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் மாலி ஸ்டீவன்ஸும் எம்.ஐ.டி.யின் சங்கீதா பாட்டியாவும் சேர்ந்து செய்தது. 2 நானோமீட்டருக்குக் கீழான தங்கக் கொத்துகளை ஒரு பெரிய புரதத்தோடு பெப்டைடால் (சிறு அமினோ அமிலச் சங்கிலியால்) இணைத்துச் செலுத்தினார்கள். இப்படி இணைந்திருக்கும்வரை அது வடிகட்டியைத் தாண்ட முடியாது. புற்றுநோய்க் கட்டி சுரக்கும் நொதி அந்தப் பெப்டைடை வெட்டினால் தங்கம் தனியாகி, சிறுநீரில் வந்துவிடும். தங்கக் கொத்து ஒரு வினையூக்கி. எலியின் சிறுநீரில் ஹைட்ரஜன் பெராக்சைடும் டி.எம்.பி. என்ற வேதிப்பொருளும் சேர்த்தால், நோயுள்ள எலியின் சிறுநீர் நீலமாகும், நோயில்லாததில் நிறம் வராது. ஒரு மணி நேரத்துக்குள், வெறும் கண்ணுக்கே தெரியும். விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. இன்னும் எலி அளவில்தான், நீங்கள் சொல்வது சரி. ஆனால் வடிகட்டியின் அளவு வரம்பையே நோயறியும் கருவியாக மாற்றியிருக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருநாள் இது வரும் என்று நம்பித்தான் நான் இந்த வேலையைச் செய்கிறேன்.

தணிகை எழுதியது:

சரி, ஒப்புக்கொள்கிறேன், அந்தச் சோதனை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன். சிறுநீரில் வெளியேறும் என்பது சிறுநீரகம் வேலை செய்தால்தானே? இந்த இழையை ஆரம்பித்தவரின் மாமா மாதிரி ஆட்களுக்கு?

நெஃப்ரான் எழுதியது:

சார், இதுதான் முக்கியமான கேள்வி. இதற்கு வரலாற்றில் ஒரு கசப்பான முன்னுதாரணம் உண்டு. எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குப் போடும் கடோலினியம் ஊசி நானோ துகள் அல்ல, சிறு மூலக்கூறு. சிறுநீரகம் நன்றாக உள்ளவருக்கு சில மணி நேரத்தில் வெளியேறிவிடும். டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு உடலிலேயே தங்கியது. தோல் இறுகித் தடித்து, மூட்டுகள் மடங்காமல் போகும் என்.எஸ்.எஃப். என்ற நோய் வந்தது. 2006-ல் ஆஸ்திரியாவில் ஒரு மருத்துவர் தொடர்பைக் கவனித்து எழுதிய பிறகுதான் உலகம் விழித்தது. 2007-ல் எஃப்.டி.ஏ. கறுப்புக் கட்டமிட்ட எச்சரிக்கை வைத்தது. அதன்பின் இறுக்கமாகப் பிணைந்த வகைகளுக்கு மாறியதும் புதிய நோயாளிகள் மிகவும் குறைந்துவிட்டார்கள்.

ஆகவே சிறுநீரகம் வழியாக வெளியேறும்படி செய்த எந்தத் துகளையும், சிறுநீரகம் பழுதானவர்களிடம் தனியாகச் சோதிக்காமல் கொடுக்கக் கூடாது. மாறாக, சிறுநீரகத்தை நம்பாத துகள் அவர்களுக்குப் பாதுகாப்பாக இருக்கலாம். ஃபெருமாக்ஸிடால் என்ற இரும்பு ஆக்சைடு துகள், 17 முதல் 31 நானோமீட்டர், வடிகட்டியைத் தாண்டாது, விழுங்கு செல்கள்தான் எடுத்துக்கொள்ளும். நாள்பட்ட சிறுநீரக நோயாளிகளின் ரத்தசோகைக்காகவே 2009-ல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். கடோலினியம் போட முடியாதவர்களுக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் அந்த ஊசிக்கு மாற்றாகவும் சில இடங்களில் பயன்படுத்துகிறார்கள். அதற்கும் கடும் ஒவ்வாமை பற்றிய எச்சரிக்கை 2015-ல் வந்தது, அதனால் மெதுவாக ஏற்றி, அரை மணி நேரம் பக்கத்திலேயே இருந்து பார்க்க வேண்டும்.

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அத்தையிடம் முழுவதும் வாசித்துக் காட்டினேன். "கல்லீரல்தான் எடுத்துக்கொள்கிறதா, அப்படியென்றால் கல்லீரலுக்கு ஒன்றும் ஆகாதா" என்று கேட்கிறார்.

மருந்தாளுநர் மாரி எழுதியது:

அத்தை சரியாகத்தான் கேட்கிறார். இரும்பு தேவைக்கு மேல் சேர்ந்தால் கல்லீரலில்தான் படியும். ஃபெரிட்டின் பார்க்காமல் மாதாமாதம் ஏற்றிக்கொண்டே போகக் கூடாது என்பது அதனால்தான். டயாலிசிஸ் ஃபைலில் கடைசி ஃபெரிட்டின், டிரான்ஸ்ஃபெரின் செறிவு இரண்டும் எழுதியிருப்பார்கள். ஊசிக்கு முன் அந்தப் பக்கத்தை டாக்டரிடம் காட்டி, எத்தனை டோஸ், அடுத்த ரத்தப் பரிசோதனை எப்போது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மாமாவுக்கு முன்பு ஏதாவது ஊசிக்கு அரிப்போ மூச்சுத் திணறலோ வந்திருந்தால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.